கட்டை கடிக்கும் குதிரைக்கு உடம்பு தேற்றிய கதை

கிரிப்பிங், அதாவது பலகையைப் பல்லால் பிடித்துக் காற்றை இழுக்கும் பழக்கம், உள்ள குதிரை இளைத்துப்போனால், பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தப் பழக்கத்தை நிறுத்தத்தான் வழி சொல்வார்கள். "காத்து குடிக்கிற குதிரைக்குச் சதை ஒட்டாது தம்பி, பட்டையை இன்னும் ஒரு ஓட்டை இறுக்குங்க" என்று லாயத்தில் காலமெல்லாம் பழகிய பெரியவர் ஒருவர் என்னிடமும் சொன்னார். அவர் கைப்பழக்கத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. குளம்பைத் தொட்டே உள்ளே சூடு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் எதிர்த்திசையில் போனேன். கடிக்காமல் இருக்கக் கழுத்தில் இறுக்கிக் கட்டும் அந்தப் பட்டையைக் கழற்றிவிட்டு, குதிரை ஏன் இளைத்தது என்பதைத் தனியாகத் தேடினேன். இப்போது எடை ஏறிவிட்டது. கடிப்பது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது வீண் என்பதை எழுதி வைக்கிறேன்.

குதிரை, பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட். காயடித்த ஆண், 12 வயது. நிறம் செவலை, கூப்பிடும் பெயரும் அதுதான். கடிக்கும் பழக்கம் எப்போது தொடங்கியது என்று கொடுத்தவருக்கே தெரியவில்லை. பெரும்பாலும் குட்டியிலேயே தொற்றிக்கொள்கிற பழக்கம் இது. வாட்டர்ஸ், நிக்கல், ஃப்ரெஞ்ச் மூவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் குட்டிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கடிப்பது தொடங்கிய நடுமட்ட வயது 20 வாரம். பால் மறந்த பிறகு தானியம் போன்ற அடர்தீவனம் கொடுக்கப்பட்ட குட்டிகளில் அது நான்கு மடங்கு வேகமாகத் தலைகாட்டியது. ஆக, நம் கைக்கு 12 வயதில் வந்து சேரும் குதிரையிடம் இந்தப் பழக்கம் பழுத்துப் போயிருக்கும். அதை அடியோடு அழிப்பேன் என்று கிளம்புவதில் அர்த்தமில்லை.

கடிப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட இருந்து பார்த்தால் பல விஷயம் புரியும். செவலை முதலில் லாயத்து அரைக்கதவின் மேல்பலகையை நாலைந்து தரம் நக்கும். பிறகு மேல் முன்பற்களைப் பலகை விளிம்பில் ஊன்றும். கழுத்தை வளைத்து உடம்பைப் பின்னால் சாய்க்கும். தொண்டைக்குக் கீழே ஓடும் தசைகள் முறுக்கிய வடம்போலப் புடைக்கும். அந்த நொடியில் "க்ளக்" என்று ஒரு சத்தம், தொண்டைக்குள் காற்று இறங்கும் சத்தம். பற்களை எடுக்கும், மறுபடி நக்கும், மறுபடி ஊன்றும். தீவனம் தின்று முடித்த அரை மணி நேரத்துக்கு இது ஓயாது. அந்த நேரத்தில் பக்கத்தில் போய்ப் பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூடக் காது மட்டும் திரும்பும்.

அந்தக் காற்று வயிற்றை நிரப்புவதால்தான் குதிரை தின்பதில்லை என்பது லாயங்களில் பரவலாக உள்ள நம்பிக்கை. 1995-ல் பால் மெக்ரீவியும் உடன் இருந்தவர்களும் கடிக்கும் குதிரைகளை ஓடும் எக்ஸ்ரே படமாக எடுத்துப் பார்த்தார்கள். காற்று உணவுக்குழாயின் மேற்பகுதிக்குள் நுழைகிறது, பெரும்பகுதி அங்கிருந்தே தொண்டைக்குத் திரும்பிவிடுகிறது. வயிற்றை ஊதவைக்கும் அளவுக்கு உள்ளே போவதில்லை. அதனால் காற்றுக் கணக்கை நான் ஓரமாக வைத்துவிட்டேன். மிச்சம் இருந்த சந்தேகங்கள் பல், புழு, வயிறு, தீவனம் ஆகிய நான்கும்தான்.

முதலில் அளவு எடுத்தேன். கண்ணால் பார்த்து "தேறிட்டான்", "இளைச்சிட்டான்" என்று சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். தினமும் பார்க்கிற கண் மாற்றத்தைக் கடைசியாகத்தான் கவனிக்கும். குதிரையை ஏற்றும் தராசு இல்லாதவர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. முன்னங்காலுக்குப் பின்னால், சேணத்தின் வார் போகும் இடத்தில் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்க வேண்டும். தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனைவரை உள்ள நீளத்தால் மறுபடி பெருக்கி, வந்த எண்ணை 11,877-ஆல் வகுத்தால் எடை கிலோவில் கிடைக்கும். செவலைக்குச் சுற்றளவு 176, நீளம் 160. எடை ஏறத்தாழ 417 கிலோ. காலைத் தீவனத்துக்கு முன்பே, ஒரே ஆள், குதிரை மூச்சை வெளியே விட்டதும் அளப்பது என்று வைத்துக்கொண்டேன். சூத்திரம் சொல்லும் எடை அசல் எடையிலிருந்து கொஞ்சம் முன்னேபின்னே இருக்கலாம். நமக்கு வேண்டியது ஏறுகிறதா இறங்குகிறதா என்பது, அதற்கு இது போதும்.

கூடவே ஹென்னிகி மதிப்பெண்ணும் போட்டேன். டான் ஹென்னிகி 1983-ல் வகுத்த இந்த அளவுகோலில் 1 என்றால் எலும்புக்கூடு, 9 என்றால் கொழுத்துத் தளதளப்பது, 5 என்பது நல்ல நிலை. கழுத்து, தோளுக்குப் பின்புறம், விலா, முதுகு, வால் அடி என ஒவ்வொரு இடத்தையும் கையால் அழுத்திப் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். குளிர்கால முடி அடர்ந்திருந்தால் கண் ஏமாந்துவிடும், கை ஏமாறாது. செவலைக்கு 3. விலாக்கள் எண்ணும்படி தெரிந்தன, முதுகெலும்பு இருபக்கமும் கூரைபோல் சரிந்திருந்தது. 500 கிலோ குதிரைக்கு ஒரு மதிப்பெண் ஏற 16 முதல் 20 கிலோ வரை எடை கூட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. செவலை 5-ஐத் தொட இன்னும் 35, 40 கிலோ வேண்டும் என்று தோராயமாக இலக்கு வைத்தேன்.

பல்

கடிக்கும் குதிரையின் வாயைத் திறந்தாலே முன்பல் கதையைச் சொல்லிவிடும். மேல் வெட்டுப்பற்களின் முன்விளிம்பு உளியால் சீவியதுபோல் சாய்வாகத் தேய்ந்திருந்தது. மேலும் கீழும் உள்ள முன்பற்கள் சேரும் இடத்தில் ஒரு குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. இதைப் பார்த்ததும் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. அதுவரை பகலெல்லாம் குட்டையான புல் உள்ள மைதானத்தில் அவிழ்த்து விடப்பட்டிருந்த குதிரை இது. தலையைத் தாழ்த்தி நிற்கும், வாய் அசையும், மேய்கிறது என்றே எல்லோரும் நினைப்போம். குட்டைப் புல்லை அறுப்பது முன்பல்லின் வேலை. பற்கள் சேராத குதிரைக்கு அங்கே ஒரு வாய்க்கு ஒரு சில இழைதான் சிக்கும். உலர்புல்லை மெல்லக் கடைவாய்ப்பல் போதும், முன்பல் அவ்வளவாகத் தேவைப்படாது. மேய்ச்சலை நம்பித் தீவனக் கணக்குப் போட்டதில்தான் பெரிய ஓட்டை இருந்திருக்கிறது.

கடைவாயிலும் பிரச்சினை இருந்தது. மேல்பற்களின் கன்னப்பக்க விளிம்புகளும் கீழ்ப்பற்களின் நாக்குப்பக்க விளிம்புகளும் கூராகி, கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும் புண் ஆக்கியிருந்தன. லாயத்துத் தரையில் பாதி மென்று துப்பிய புல் உருண்டைகள் கிடந்ததற்குக் காரணம் இதுதான். இப்படி உருண்டை கிடந்தால் வேறு எதையும் யோசிக்காமல் பல் பார்க்க ஆள் கூப்பிடுங்கள். கால்நடை மருத்துவர் மயக்க ஊசி போட்டு, வாயை விரித்து வைக்கும் கருவியை மாட்டி, அரத்தால் கூர்முனைகளை ராவிவிட்டார். முன்பல்லை அவர் தொடவில்லை. ஏற்கெனவே தேய்ந்த பல்லை மேலும் ராவினால் நஷ்டம்தான். ராவிய சில நாட்களிலேயே உருண்டைகள் காணாமல் போயின.

புழு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தியைச் சோதனைக்குக் கொடுத்து ஒரு கிராமில் எத்தனை முட்டை என்று எண்ணச் சொன்னேன். எண்ணிக்கை குறைவாகவே வந்தது. நாடாப்புழு முட்டைகள் இந்தச் சோதனையில் பெரும்பாலும் சிக்காது என்பதால், அதையும் சேர்த்துக் கொல்லும் மருந்தை மருத்துவர் கொடுத்தார். மருந்தின் அளவைச் சுற்றளவு எடையை வைத்துத்தான் போட்டோம். கண் மதிப்பில் போட்டால் அளவு குறைந்துபோகும், புழுவுக்கு மருந்து பழகிவிடும்.

வயிறு

குதிரையின் வயிறு நம் வயிறு மாதிரி சாப்பாடு வரும்போது மட்டும் அமிலம் சுரப்பதில்லை. நாள் முழுக்கச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிப்பது உமிழ்நீர். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். புல்வெளியில் திரியும் குதிரை ஒரு நாளில் 16 மணி நேரம்வரை மேய்வதால் இந்த ஏற்பாடு அதற்குப் பொருந்துகிறது. லாயத்தில் கட்டிப்போட்டு இரண்டு வேளை தானியம் கொடுத்தால், தானியம் சீக்கிரம் உள்ளே போய்விடும், மெல்லும் நேரம் சுருங்கிவிடும், மிச்ச நேரமெல்லாம் அமிலம் தனியாக நிற்கும். வயிற்றின் மேல்பகுதிச் சுவருக்குச் சளிப்படலப் பாதுகாப்பும் கிடையாது. புண் வருவது பெரும்பாலும் அங்கேதான்.

கடிக்கும் குட்டிகளின் வயிற்றில் புண்ணும் வீக்கமும் கடிக்காத குட்டிகளைவிட அதிகம் என்று கிறிஸ்டின் நிக்கல் குழு 2002-ல் காட்டியது. உமிழ்நீர் ஊறவைக்கத்தான் குதிரை கடிக்கிறது என்று ஒரு கருத்து உண்டு. அந்தச் சுகம் மூளையில் ஊறும், அபினிபோல் வேலை செய்யும் எண்டார்ஃபினோடு சம்பந்தப்பட்டது என்றும் ஒரு கருத்து. 1987-ல் நிக்கலஸ் டாட்மன் குழு அபினி வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் ஊசி போட்டபோது குதிரைகள் தற்காலிகமாகக் கடிப்பதை நிறுத்தின. எனக்கு இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் நிற்கத் தேவையில்லை. வயிற்றில் புண் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி.

இரவு முழுக்கப் பட்டினி போட்டு, மூன்று மீட்டர் நீளமுள்ள எண்டோஸ்கோப்பை மூக்கு வழியே விட்டுப் பார்த்தார்கள். திரையில் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. வயிற்றுக்குள் ஓர் எல்லைக்கோடு, அதற்குக் கீழே ஈரச் சிவப்பு, மேலே வெளிறிய சுவர். அந்த வெளிறிய சுவரில் கோட்டை ஒட்டி மஞ்சள் திட்டுகளும் நடுவே சிவந்த பள்ளங்களும். மருத்துவர் 4-க்கு 2 என்று தரம் குறித்தார்.

மருந்து, அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல், ஒரு கிலோ எடைக்கு 4 மி.கி., தினம் ஒரு வேளை, 28 நாள். காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் தீவனம். மனிதர்களுக்கான மாத்திரையைப் பொடித்துக் கலந்து கொடுப்பவர்கள் உண்டு. ஒமிப்ரசோலை வயிற்று அமிலமே சிதைத்துவிடும், மேல்பூச்சோ அமிலத்தைத் தணிக்கும் கலவையோ இல்லாத பொடி பாதியிலேயே வீணாகும். குதிரைக்கென்று தயாரித்த பேஸ்ட்டை மருத்துவர் சொன்ன அளவில் கொடுப்பதே சரி. முடிக்கும்போதும் சட்டென்று நிறுத்தாமல் அளவைக் குறைத்துக்கொண்டே வந்தோம்.

மருந்து தொடங்கியபின் முதலில் மாறியது எடை இல்லை, சாப்பிடும் விதம். முன்பெல்லாம் தானியத்தில் நாலு வாய் தின்றுவிட்டுக் கதவுக்குப் போய்க் கடிக்கும், திரும்பி வந்து நாலு வாய் தின்னும். அந்த நடை குறைந்தது. வார் இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருவதும் போய்விட்டது.

தீவனம்

எடை ஏறியது இங்கேதான். பழைய தீவனக் கணக்கை எழுதிப் பார்த்தபோது காரணம் கண்ணெதிரே இருந்தது. காலை 3 கிலோ, மாலை 3 கிலோ, வெல்லப்பாகு கலந்த ஓட்ஸ் கலவை. உலர்புல் வெறும் 4 கிலோ. 417 கிலோ குதிரைக்கு அது எடையில் ஒரு சதவீதம்கூட இல்லை. குறைந்தபட்சம் 1.5 சதவீதம் வேண்டும், உடம்பு தேற வேண்டிய குதிரைக்கு 2 முதல் 2.5. ஓட்ஸில் ஏறத்தாழ 40 சதவீதம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு 3 கிலோ என்றால் ஒரு கிலோ உடல் எடைக்கு 3 கிராமை நெருங்குகிறது. வயிற்றுப்புண் உள்ள குதிரைக்கு வேளைக்கு 1 கிராமுக்குள் நிறுத்தச் சொல்வார்கள். இனிப்பு கலந்த தானியம் தின்ற உடனேதான் கடிப்பது உச்சத்துக்குப் போகும் என்பது வேறு. இளைத்த குதிரைக்குத் தானியத்தைக் கூட்டுவது எல்லோருக்கும் தோன்றும் வழி. செவலைக்கும் யாரோ அப்படித்தான் கூட்டிக் கூட்டி 6 கிலோவில் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும்.

புது ஏற்பாட்டில் உலர்புல் ஒரு நாளைக்கு 10 கிலோ. அதில் 2 கிலோ குதிரைமசால் என்னும் தீவனப் பயிர். அதன் சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும், முதுகுச் சதைக்கும் உதவும். எல்லாவற்றையும் தொங்கு தராசில் நிறுத்தே கொடுத்தேன். "ஒரு கட்டு", "ஒரு கை" என்ற அளவெல்லாம் நம்பத் தகுந்ததில்லை. ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டுகளில் ஒன்று மற்றதைவிடப் பாதிக்கு மேல் கனமாக இருந்ததைத் தராசு காட்டியது. புல்லை நான்கு பங்காகப் பிரித்து, பெரிய பங்கை இரவுக்கு வைத்தேன். இரவு பத்து மணிக்குத் தீர்ந்துபோனால் விடியும்வரை அமிலத்தோடு நிற்கும் என்பதால், இரவுப் பங்கு மட்டும் 4 செ.மீ. கண்ணுள்ள வலைப்பையில். பகலில் வலை இல்லாமல் தரையில் பரப்பிவிடுவேன். தேய்ந்த முன்பல்லை வைத்துக்கொண்டு நாள் முழுக்க வலைக்கண்ணில் பிய்த்துத் தின்னச் சொல்வது அநியாயம்.

ஓட்ஸ் கலவையைப் பத்துப் பதினைந்து நாளில் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினேன். பதிலுக்கு மாவுச்சத்து குறைந்த நார்ச்சத்துக் குச்சித் தீவனம் ஒன்றரைக் கிலோ, சர்க்கரை பீட் கிழங்கின் சக்கை உலர்ந்த எடையில் ஒரு கிலோ, பிற்பாடு சேர்த்த சோயாப் பிண்ணாக்கு 300 கிராம், உப்பு 30 கிராம். இதை மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுத்தேன். சக்கையை அதைப்போல் நாலைந்து மடங்கு தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து கட்டி இல்லை என்று தெரிந்த பிறகுதான் வைக்க வேண்டும். ஊறாத சக்கையை அவசரமாக விழுங்கும் குதிரைக்குத் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக எண்ணெய். மாவுச்சத்து ஏற்றாமல் சக்தி கூட்ட இதைவிட எளிய வழி இல்லை. 200 மி.லி. தாவர எண்ணெயில் ஏறத்தாழ 1,600 கிலோகலோரி கிடைக்கும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது, பித்தநீர் சொட்டிக்கொண்டே இருக்கும். குடல் எண்ணெய்க்குப் பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். அதனால் 50 மி.லி.யில் தொடங்கி, லத்தி இளகாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து 200-க்குக் கொண்டுவந்தேன். எண்ணெய் கூடும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும், அதையும் தனியாகச் சேர்த்தேன். முதல் நாலைந்து நாள் எண்ணெய் வாடைக்குத் தொட்டியை முகர்ந்துவிட்டு மேலுதட்டைத் தூக்கிக் காட்டியது. பிறகு தொட்டியையே நக்கித் துடைத்தது.

சவாரிக்கு முன் ஒரு சின்ன ஏற்பாடும் உண்டு. சேணம் பூட்டுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் இரண்டு கை குதிரைமசால் நறுக்கு. வெறும் வயிற்றோடு ஓடும்போது அமிலம் மேல்சுவரில் தெறிக்கும். நார் மிதந்தால் அந்தத் தெறிப்பு குறையும்.

லாயத்தில் தச்சு வேலை

அரைக்கதவின் மேல்பலகையில் ஏற்கெனவே யாரோ தகரம் அடித்திருந்தார்கள். மரத்தைக் காப்பாற்றத் தகரம் நல்லதுதான், பல்லைக் காப்பாற்ற அது எதிரி. இரும்பில் ஊன்றும் பல் மரத்தில் ஊன்றுவதைவிட வேகமாகத் தேயும். தகரத்தைப் பிடுங்கிவிட்டு, பலகையின் மேல் ஒரு ரீப்பரை இழைப்புளியால் உள்பக்கம் சரிவாகச் சீவி அடித்தேன். பல் ஊன்ற விளிம்பு கிடைக்காமல் வழுக்கும். சுவரோடு இருந்த தீவனக் காடியை எடுத்துவிட்டு, தரையில் ரப்பர் தொட்டி வைத்தேன். தலையைத் தாழ்த்தித் தின்பது பல்லுக்கும் மூச்சுக்கும் நல்லது, கடிக்க ஒரு விளிம்பும் குறைகிறது.

ஆனால் எல்லா இடத்தையும் அடைத்துவிடவில்லை. வேண்டுமென்றே ஒரு இடத்தைக் கடிப்பதற்கென்று விட்டேன். லாயத்தின் முன்பக்கச் சுவரில், பக்கத்து லாயத்துக் குதிரை தெரியும் இடத்தில், நெஞ்சு உயரத்தில் ஒரு மரச்சட்டம். அதைச் சுற்றி, லாயத் தரையில் போடும் தடித்த ரப்பர் விரிப்பிலிருந்து வெட்டிய பட்டை. திருகாணிகளைச் சட்டத்தின் அடிப்பக்கத்திலிருந்து, அகலமான வாஷர் வைத்து முடுக்கினேன். மேல்பக்கம் ஒரு ஆணித்தலைகூடப் பல்லில் படக்கூடாது. பழைய டயர் ரப்பரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அதற்குள் கம்பி இழை இருக்கும், ரப்பர் தேய்ந்ததும் வாயைக் கிழித்துவிடும். வெட்டிய ஓரங்களை அரத்தால் மழுக்கினேன். செவலை முதலில் அதை நக்கிப் பார்த்தது, ரீப்பரில் இரண்டு தடவை வழுக்கிப் பார்த்தது, பிறகு ரப்பருக்கே வந்துவிட்டது. மைதானத்து வேலிக் கம்பங்களில் ஒன்றுக்கும் இதே ரப்பரைச் சுற்றினேன்.

பக்கத்து லாயத்துக் குதிரையும் பார்த்துப் பழகிவிடாதா என்று கேட்காதவர்கள் இல்லை. அமெரிக்காவில் ஆல்பிரைட் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வில் உரிமையாளர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அப்படித்தான் நம்பினார்கள். கடிக்கும் குதிரையைப் பார்த்த பிறகு கடிக்கத் தொடங்கியவை 1 சதவீதம்தான். அந்தப் பயத்தில் கடிக்கும் குதிரையைத் தனியாக ஒதுக்கி அடைத்தால் அதற்கு வேலையும் துணையும் இல்லாமல் போய், இருக்கிற பழக்கம் முற்றும். செவலைக்குத் துணையாக ஒரு வயதான மட்டக்குதிரை பக்கத்தில் நிற்கிறது. இரண்டும் சட்டத்துக்கு மேலே மூக்கு உரசிக்கொள்ளும். மட்டம் இதுவரை ஒரு பலகையையும் கடித்ததில்லை.

பட்டை, பூச்சு, மற்றவை

பட்டையைக் கழற்றிய இடத்தில், காதுக்குப் பின்னால், முடி உதிர்ந்து தோல் தடித்திருந்தது. பட்டை கடிப்பதைக் குறைக்கும், சந்தேகமில்லை. கடிக்கத் தூண்டும் காரணத்தை அது தொடாது. 1998-ல் மெக்ரீவியும் நிக்கலும், கடிக்க விடாமல் கொஞ்ச நேரம் தடுத்து வைத்த குதிரைகள் அவிழ்த்துவிட்ட முதல் நாளில் வழக்கத்தைவிட அதிகம் கடிப்பதைப் பதிவு செய்தார்கள். செவலையும் அப்படித்தான். கழற்றிய மறுநாள் லாயத்திலிருந்து "க்ளக்" சத்தம் விடாமல் வந்தது. "பாத்தீங்களா தம்பி, நான் சொன்னேன்ல" என்றார் பெரியவர். சில நாளில் தணிந்தது. பற்கள் மேலும் வேகமாகத் தேய்கிற குதிரைக்கோ, முன்பு சூலை (கடும் வயிற்றுவலி) வந்த குதிரைக்கோ, மருத்துவர் சொல்லித் தீவனம் முடிந்த நேரத்துக்கு மட்டும் பட்டை போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். இறுக்கி நாள் முழுக்கப் போட்டு வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

கசப்புப் பூச்சு, சோப்பு, மிளகாய்க் குழம்பு எல்லாம் பலகைக்குப் பூசுவார்கள். காய்ந்ததும் குதிரை பொருட்படுத்தாது, அல்லது வேறு பலகைக்குப் போகும். வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசுவது விஷம் வைப்பதற்குச் சமம், நக்கிவிட்டுத்தான் கடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம். கழுத்துத் தசையையும் நரம்பையும் வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையும் உண்டு, ஃபோர்செல் பெயரில் வழங்குவது. அதைப் பற்றி யோசிக்கும் நிலையே இங்கே வரவில்லை.

கடிக்கும் குதிரை வைத்திருப்பவர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது சூலைக்கு. கல்லீரலை ஒட்டி எபிப்ளாயிக் ஃபோரமென் என்று ஒரு இயற்கையான குறுகிய துவாரம் இருக்கிறது. சிறுகுடல் அதற்குள் நுழைந்து சிக்கிக்கொண்டால் அறுவை சிகிச்சை ஒன்றே வழி. கடிக்கும் குதிரைகளுக்கு இந்த ஆபத்து கூடுதல் என்று ஆர்ச்சர் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால் லாயத்துச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன்: வயிற்றைத் திரும்பிப் பார்ப்பது, தரையைக் காலால் பறிப்பது, படுத்துப் புரள்வது, லத்தி போடாமல் இருப்பது. ஓய்வில் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44. அது 50-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிட வேண்டும். தாடை எலும்பின் உள்விளிம்பில் ஓடும் நாடியை விரலால் தொட்டு எண்ண லாயத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் கற்றுக்கொடுத்தாயிற்று.

இப்போது சுற்றளவு 184 செ.மீ. நீளம் மாறாது என்பதால் எடை 456 கிலோ. நடுவில் 179 வந்தபோது, 432 கிலோவில், கொஞ்ச காலம் அப்படியே நின்றுவிட்டது. சோயாப் பிண்ணாக்கைச் சேர்த்தது அதற்குப் பிறகுதான், முதுகுச் சதை பிடித்ததும் அதற்குப் பிறகுதான். ஹென்னிகி மதிப்பெண் 5-ஐ ஒட்டி. விலாக்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை, கையால் தடவினால் தெரிகின்றன. கடிப்பதை அளக்கக் கைபேசியைச் சுவரில் மாட்டித் தீவனத்துக்குப் பிந்தைய அரை மணி நேரத்தைப் பதிவு செய்து பார்த்தேன். முன்பைவிடப் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. இரவில் வலைப்பையில் புல் இருக்கும்வரை அநேகமாகக் கடிப்பதே இல்லை. புல் தீர்ந்த கால் மணி நேரத்தில் ரப்பருக்குப் போய்விடும்.

5-க்கு மேல் ஏற்றும் எண்ணம் இல்லை என்பதால் எண்ணெயை 200-லிருந்து 100 மி.லி.க்குக் குறைக்கத் தொடங்கியிருக்கிறேன். சுற்றளவு இறங்கினால் மறுபடி ஏற்றலாம். சட்டத்து ரப்பரில் ஒரு ஓரம் பிய்ந்து நார்நாராகத் தொங்குகிறது. பிய்ந்த துண்டை விழுங்கினால் குடலில் அடைக்கும், இந்த வாரமே மாற்ற வேண்டும். இந்தத் தடவை பட்டையை ஒரே துண்டாக, மடிப்பு அடியில் வருமாறு சுற்றப் போகிறேன். பல் மருத்துவரை ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரச் சொல்லியிருக்கிறேன். முன்பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி கூடுகிறதா என்று அவரிடம் படம் எடுத்து ஒப்பிடச் சொன்னேன்.